இரண்டு கை பட்ட மதிப்பெண் பட்டியல்

சான்றிதழைக் கையில் வாங்கியதும் முதலில் அதைப் படிக்கக் கூடாது. படித்தால் அதிலுள்ள பெயரும் மார்க்கும் மனசுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு தாளைப் பார்க்க முடியாது. முதலில் எடை, அடுத்து மடிப்பு, அதற்கடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து மேற்பரப்பு. எழுத்து கடைசி.

இப்போது சான்றிதழின் மூலையில் ஒரு கட்டம் அச்சாகி வருகிறது. செல்போனைக் காட்டினால் உண்மையா பொய்யா என்று அதுவே சொல்லிவிடுகிறதாம். எங்கள் கல்லூரி அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள், "அப்பல்லாம் எப்படி மேடம் கண்டுபிடிப்பீங்க?" என்று கேட்டார்கள். பணியாளர் மலருக்கு எழுதித் தரவும் சொன்னார்கள். விருதுநகரில் ஒரு கலைக் கல்லூரியில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து, அலுவலகக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள் நான். நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உண்டு. கீழே உள்ளவற்றை அதைப் பார்த்தே எழுதுகிறேன்.

என்னைப் பழக்கியவர் அப்போதைய கண்காணிப்பாளர் நல்லபெருமாள் சார். யாரையும் நம்பாதவர் என்று சொன்னால் அவரைக் குறைத்துச் சொன்னதாகும். கல்லூரியின் வட்ட முத்திரையைத் தினமும் தூக்குச்சட்டியின் அடித்தட்டில் வைத்து வீட்டுக்குக் கொண்டு போய்விடுவார். மறுநாள் சில சான்றிதழ்களில் ரசம் மணக்கும். கேட்டால், "பீரோவுக்கு ரெண்டு சாவி. என் சட்டிக்கு ஒரே சாவி" என்பார். தூக்குச்சட்டிக்குச் சாவி கிடையாது என்று அவரிடம் சொல்ல எங்கள் யாருக்கும் தைரியம் இருந்ததில்லை.

நான் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு பையனின் மாற்றுச் சான்றிதழைப் பார்த்து, சரி என்று குறித்து அனுப்பினேன். மாலையில் சார் அந்தத் தாளை என் முன்னால் வைத்தார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். அவர் பேனாவை மூடினால் பதில் வரும்வரை திறக்கமாட்டார் என்று பொருள்.

"எத்தனை மடிப்பு?" என்றார்.

எண்ணினேன். மடிப்பே இல்லை.

"தேதி என்ன?"

நாலு வருடத்துக்கு முந்தைய தேதி.

"நாலு வருஷம் டிரங்குப் பெட்டியில கிடந்த தாளு மடியாமலா இருக்கும்? அதோட, அரசாங்க அச்சு இம்புட்டு நல்லாவா இருக்கும்?"

பையனின் சித்தப்பாவுக்குச் சிவகாசியில் அச்சகம் இருந்தது பிறகு தெரிந்தது. இதை எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர்கள் புரிந்துகொள்வார்கள். வெளியூர்க் கல்லூரிகளில் மோசமான அச்சைக் கண்டால் சந்தேகப்படுவார்கள். நாங்கள் நல்ல அச்சைக் கண்டால் சந்தேகப்படுவோம். காலண்டரும் வெடிக்கட்டு லேபிளும் அடிக்கிற ஊர். பொய்யைக் கூட மூன்று கலரில் துல்லியமாக அடித்துத் தந்துவிடுவார்கள்.

அன்று முதல் நானும் அப்படி ஆனேன். கல்யாணப் பத்திரிகை வந்தால் கூட மை காய்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பேன். என் கணவர் இதைச் சொல்லிக் கேலி செய்யாத நாள் இல்லை.

சார் ஓய்வு பெற்று, இடையில் இரண்டு பேர் வந்து போய், அந்த நாற்காலி எனக்கு வந்தது. அதன்பின் நடந்த ஒன்றைத்தான் விரிவாக எழுத நினைத்தேன்.

2005, ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. அட்மிஷன் கூட்டம் குறைந்த நேரம். உதவியாளர் ராஜாமணி வந்து, "மேடம், ஒரு பிள்ளை வந்திருக்கு. நம்மகிட்ட ஹிஸ்டரி படிச்சதாம். இப்ப டாக்டருக்குப் படிக்கப் போகுதாம்" என்றார். சொல்லிவிட்டு, "அக்பருக்கு ஊசி போடப் போகுது போல" என்று தானே சிரித்துக்கொண்டார்.

பெயர் மாரீஸ்வரி. திருத்தங்கல். எங்களிடம் பி.ஏ. வரலாறு படித்து முடித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில், முதலுதவி செய்யும் மருந்தறையில் பதிவேடு எழுதும் வேலை. ரஷ்யாவில் ஒரு மருத்துவக் கல்லூரிக்கு மதுரை ஏஜெண்ட் ஒருவர் மூலம் விண்ணப்பிக்கிறாள். பிளஸ் டூவில் உயிரியல் எடுத்திருந்தாள். வெளிநாட்டில் சேரத் தேவையான அளவை மயிரிழையில் தாண்டியிருந்தாள். அந்த மார்க்கை வைத்துக்கொண்டு இங்கே மருத்துவக் கல்லூரிப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூட முடியாது. பிளஸ் டூவுக்குப் பின் என்ன படித்திருந்தாலும் அதன் மதிப்பெண்களைக் கல்லூரியே தொகுத்து, உறையில் முத்திரையிட்டு நேரடியாக அனுப்ப வேண்டும் என்று அந்தக் கல்லூரி கேட்டிருந்தது. அதற்காக வந்திருந்தாள்.

பி.ஏ.யில் மூன்றாம் வகுப்பு. ஐந்து தாள்களில் தவறி மறுபடி எழுதித் தேறியிருந்தாள்.

எனக்கு எல்லாமே சந்தேகமாக இருந்தது. வரலாற்றில் தட்டுத்தடுமாறித் தேறியவளுக்கு மருத்துவம் எப்படி வரும்? செலவு யாருடையது என்று கேட்டேன். கம்பெனி முதலாளி குடும்பம் ஏற்கிறது என்றாள். படித்துவிட்டு வந்து பத்து வருடம் கம்பெனி மருந்தறையில் இருக்க வேண்டும் என்று பேச்சாம். இந்த வருடம் கிளம்பாவிட்டால் அவர்கள் மனசு மாறிவிடும் என்றாள். முதலாளி குடும்பம் அப்படியெல்லாம் செய்யுமா என்று அதையும் சந்தேகித்தேன்.

"ஏம்மா திடீர்னு டாக்டர் ஆசை?"

"திடீர்னு இல்ல மேடம். கம்பெனி டாக்டரு வாரத்துக்கு ஒருக்கா வருவாக, கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருவாக. மத்த நாளெல்லாம் நான்தான். கண்ணுல அலுமினியப் பவுடர் விழுந்துச்சுன்னு வந்து நிப்பாக. கழுவி விட்டு நோட்டுல எழுதுவேன். பேரு, வயசு, எந்தக் கண்ணு. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது. என்னைய டாக்டரம்மான்னு வேற கேலி பண்ணுவாக. போன வருஷம் ஒரு அக்காவுக்குக் கழுவி விட்டு, வீட்டுக்குப் போங்கன்னுட்டேன். அவுகளுக்கு அந்தக் கண்ணு போயிருச்சு."

ஏஜெண்ட் எழுதிக் கொடுத்த வசனமாக இருக்கும் என்றே அன்றைய நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

"பி.ஏ.யவே சொல்லாம மறைச்சிருக்கலாமே? பிளஸ் டூ மட்டும் போதுமே அவங்களுக்கு."

"ஏஜெண்ட் அண்ணனும் அதத்தான் சொன்னாரு. அஞ்சு வருஷமும் வேலையிலதான் இருந்தேன்னு எழுதிருங்கன்னு. நான்தான் மாட்டேன்னுட்டேன்."

"ஏன்?"

மதிப்பெண் பட்டியல்கள் ஆறையும் மேஜையில் வைத்துவிட்டு வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

அசலைக் கல்லூரிப் பேரேட்டோடு ஒப்பிட்டுத்தான் தொகுப்பைத் தயாரிக்க வேண்டும். எடை பார்த்தேன், மடிப்பு பார்த்தேன். மூன்றாவது பருவப் பட்டியலை ஜன்னலில் சாய்த்தபோது ஓரிடத்தில் தாளின் மினுமினுப்பு செத்திருந்தது. அரிசி மணி அளவு இடம். ஐரோப்பிய வரலாறு என்ற வரி. மார்க் 18. முடிவுக் கட்டத்தில் தோல்வியைக் குறிக்கும் ஆங்கில எஃப்.

பேரேட்டைப் புரட்டினேன். அதிலும் 18. அதிலும் எஃப்.

இருபத்தைந்து வருடத்தில் திருத்தப்பட்ட பட்டியல்கள் பல பார்த்திருக்கிறேன். தோல்வியைத் தேர்ச்சியாக்குவார்கள், முப்பதை எண்பதாக்குவார்கள். பதினெட்டைச் சுரண்டிப் பதினெட்டாகவே வைத்திருந்த பட்டியலை அன்றுதான் பார்த்தேன்.

சாப்பாட்டு நேரம் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுரண்டிய இடம் ஒன்று என்ற எண்ணின் தலைக்கு இடது பக்கம் இருந்தது. அங்கே ஒரு சின்னக் கோடு போட்டால் 18 என்பது 78 ஆகும். பருவப் பட்டியலில் மொத்தம் என்று ஒரு கட்டம் கிடையாது. அதனால் கூட்டிப் பார்த்தும் பிடிக்க முடியாது. அப்படியானால் யாரோ ஒருவர் அதை 78 ஆக்கியிருக்கிறார். பிறகு யாரோ ஒருவர் திரும்பவும் 18 ஆக்கியிருக்கிறார். முதலாவது புரிகிறது. இரண்டாவது எதற்காக?

அவளை உள்ளே கூப்பிட்டேன். என் பேனாவை மூடி வைத்தேன். அந்தப் பழக்கம் எனக்கு எப்போது தொற்றியது என்று தெரியவில்லை.

"இந்த எடத்துல என்ன பண்ணுன?"

மறுக்கவில்லை.

"கோடு போட்டேன் மேடம். ரெண்டாம் வருஷம். எஃப்புல ஒரு வளைவு போட்டு, பாஸுக்கான பி ஆக்கினேன். ஆபீஸ்ல காட்ட இல்ல, எங்கப்பாகிட்டக் காட்ட. அவுக ரொம்ப ஆசையா இருந்தாக. அடுத்த வருஷம் அந்தத் தாள எழுதிப் பாஸ் பண்ணிட்டேன்."

"அப்புறம் திருப்பி மாத்துனது?"

"அது நான் இல்ல மேடம்."

"பேயா வந்து மாத்துச்சு?"

"சத்தியமா தெரியல மேடம். இந்த அப்ளிகேசனுக்காகப் பெட்டியில இருந்து எடுத்தேன். உங்ககிட்டச் சொல்லி டூப்ளிகேட் வாங்கணும்னுதான் எடுத்தேன். பாத்தா பதினெட்டாவே இருக்கு. எனக்கே பயமாப் போச்சு. நான் கோடு போட்டதே கனவோன்னு நெனச்சேன்."

நம்பவில்லை. இவ்வளவு வாய் சாதுரியம் உள்ளவள் ஐந்து தாளில் எப்படித் தவறினாள் என்றுகூட நினைத்தேன். "அப்பாவைக் கூட்டிட்டு வா" என்றேன். "அப்பாவுக்கு இது தெரியாது மேடம். தெரியவே வேண்டாம்னுதான்..." என்றாள். "அப்ப கையெழுத்து கிடைக்காது" என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் பதினொரு மணிக்கு வந்தார்கள். அப்பா கருப்பசாமி. ஒல்லியான மனிதர், வலது கட்டைவிரல் நகத்தோரம் கறுப்பு மை. திருத்தங்கலில் ஒரு ஆப்செட் அச்சகத்தில் டச்சிங் வேலை. அச்சுக்குப் போகும் முன் பிலிம் நெகடிவில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டைகள் விழுந்திருக்கும். கண்ணாடி மேஜைக்கடியில் விளக்கைப் போட்டு, உருப்பெருக்கி வைத்துப் பார்த்து, மெல்லிய பிரஷ்ஷால் அவற்றை ஒவ்வொன்றாக அடைக்க வேண்டும். இருபது வருடமாக அதைச் செய்கிறார் என்று ராஜாமணி முன்னாலேயே விசாரித்து வைத்திருந்தார்.

பட்டியலை அவர் முன் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

"நான்தான் சரி பண்ணுனேன் மேடம்" என்றார்.

மகள் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

"உங்களுக்கு இது எப்பத் தெரியும்?" நான் கேட்டேன்.

"காட்டுன அன்னைக்கே. நாள் பூராவும் நெகடிவ் பாக்குற கண்ணுல்ல மேடம். ஏழு தலையில கோடு சாஞ்சு கெடந்துச்சு. மிஷின் அடிச்ச எழுத்துக்குப் பக்கத்துல பேனா மை ஊறிப்போய்த் தனியாத் தெரிஞ்சுச்சு. வேலை சுத்தமில்ல."

"அப்பா!" என்றாள் அவள். "ஏம்ப்பா அன்னைக்கே கேக்கல? நல்லாருக்கு தாயின்னு சொன்னீகளே!"

"கேட்டா என்ன சொல்லுவ? நான் எந்தத் தொழில்ல இருக்கேன்னு மறந்து எங்கிட்டயே டச்சிங் பண்ணிக் காட்டுற. ரெண்டு பேருக்கும் அசிங்கம்னு விட்டுட்டேன்."

"மூணு வருஷமா ஒண்ணும் தெரியாத மாதிரியே இருந்திருக்கீக."

"நீ மட்டும் என்ன பண்ணுன?"

ராஜாமணி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். டீ கொண்டுவரச் சொல்லி விரட்டினேன்.

இதுவும் நடிப்பாக இருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. வரும் வழியில் பேருந்தில் பேசி வைத்திருக்கலாம். ஆகவே சோதித்தேன். "எஃப்ப எப்படிச் சரி பண்ணினீங்க? அதையும் சுரண்டினீங்களா?"

"இல்ல மேடம். அங்கன பேனாவை அழுத்தி ஓட்டியிருந்துச்சு. சுரண்டினா ஓட்டை விழுந்திரும். தாளோட பச்சைக்குத் தக்க கலரைக் கலந்து, வளைவு மேல அடைச்சேன். நாலு தடவ காயவச்சு."

சட்டைப்பையிலிருந்து உருப்பெருக்கியை எடுத்து நீட்டினார். பார்த்தேன். எழுத்தின் வலது பக்கம், தாளில் பின்னணியாக அச்சான பச்சைக் கோலத்துக்கு மேல், அதே பச்சையில், அதே கோலத்தில், ஒரு பிறைவடிவப் படலம். முதல்நாள் ஒரு மணி நேரம் ஜன்னலில் வைத்துப் பார்த்தும் என் கண்ணில் படாதது. அந்த நிமிடம் நம்பினேன். தான் செய்த வேலையில் நான் பார்க்காததை ஒரு பொய்யர் எனக்குக் காட்டிக்கொடுக்க மாட்டார்.

"எப்ப செஞ்சீங்க?"

"டாக்டருக்கு எழுதிப் போடப் போறேன்னு சொன்னா மேடம். அன்னைக்கு. இந்தப் பொய் அதுகூடப் போகக்கூடாதுன்னு பட்டுச்சு. இப்ப உள்ளது உள்ளபடி ஆயிருச்சுல்ல?" அவர் முகத்தில் வேலையை முடித்துக் கொடுத்தவரின் திருப்தி இருந்தது.

"ஆகல. அவ ஒரு தடவ கெடுத்தா. நீங்க ரெண்டாவது தடவ கெடுத்திருக்கீங்க. உள்ளத உள்ளபடி ஆக்குற அதிகாரம் பல்கலைக்கழகத்துக்கு மட்டும்தான். நீங்க தொடாம விட்டிருந்தா அவ வந்து ஒத்துக்கிட்டிருப்பா. இப்ப யார் பார்த்தாலும் குடும்பமே சேந்து பண்ணினதாத்தான் சொல்லுவாங்க."

அவருக்கு அது அப்போதுதான் உறைத்தது. "அப்ப நானா மேடம் கெடுத்துட்டேன்?" என்று மெதுவாகக் கேட்டார். மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நடைமுறை இதுதான். திருத்தம் உள்ள பட்டியலைக் கைப்பற்றி, உறையிலிட்டு, அறிக்கையோடு பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டும். விசாரணை தொடங்கிவிட்டால் அது முடியும்வரை அந்த மாணவருக்கு வேறு எந்தச் சான்றும் தரக்கூடாது. விசாரணை மாதக்கணக்கில் ஓடும். செப்டம்பரில் விமானம் போய்விடும். முதலாளி குடும்பத்தின் மனசும் போய்விடும். அவள் நோட்டில் பெயர், வயசு, எந்தக் கண் என்று எழுதிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அறிக்கை அனுப்பாமல் விட என்னால் முடியாது. அதில் எனக்குத் துளியும் தயக்கம் இருந்ததில்லை. ஆனால் வெளிநாட்டுக் கல்லூரி கேட்ட தொகுப்பை நான் தயாரிப்பது எங்கள் பேரேட்டிலிருந்து. பேரேட்டில் யார் கையும் படவில்லை.

அன்று மாலை ஐந்து தாள்களின் தோல்வியும், பதினெட்டும், மறுதேர்வு மார்க்குகளும் எல்லாம் சேர்த்துத் தொகுப்பை நானே தட்டச்சு செய்தேன். அவளிடமும் அவள் அப்பாவிடமும் தனித்தனியே வாக்குமூலம் எழுதி வாங்கினேன். அனுப்புகைப் பதிவேட்டில் தொகுப்புக்கு முதலில் எண் போட்டேன். அதற்கு அடுத்த எண்ணை அறிக்கைக்குப் போட்டேன். இரண்டும் ஒரே நாள், ஒரே தபால். தொகுப்பு கிளம்பியபோது விசாரணை என்று ஒன்று இல்லை. முதல்வர் கையெழுத்திடும் முன் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்து, "இது முறைதானா?" என்றார். "நம்பரைப் பாருங்க சார்" என்றேன்.

முறைதானா என்று எனக்கு இன்றும் உறுதியாகத் தெரியாது. வேறு யாராவது அப்படிச் செய்திருந்தால் நான் கேள்வி கேட்டிருப்பேன்.

தொகுப்பு உறையை ஒட்டி முத்திரை குத்தியபோது கருப்பசாமி அருகில் நின்றார். "ஓரத்துல கொஞ்சம் மங்கலா விழுந்திருக்கே மேடம்" என்று விரலை நீட்டினார்.

"தொடாதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையில் கணக்கர் எழுந்து வந்துவிட்டார்.

மறுவாரம் ஏஜெண்ட் தொலைபேசியில் கூப்பிட்டார். "அந்தப் பதினெட்ட மட்டும் விட்டுட்டு டைப் அடிச்சிருக்கலாமே மேடம், நல்ல பிள்ளைங்க அது" என்றார். போனை வைத்துவிட்டேன். ஜூலையில் ரஷ்யாவிலிருந்து, வரலாற்றில் இவ்வளவு தவறியவர் மருத்துவம் படிக்க நினைப்பது ஏன் என்று விளக்கம் கேட்டு வந்தது. எனக்கும் அதே கேள்வி இருந்ததால் அவர்கள் மேல் மரியாதை வந்தது. மாரீஸ்வரி ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்து என்னிடம் காட்டினாள். கண் போன அந்தப் பெண்ணைப் பற்றி எழுதியிருந்தாள். ஒரு தாளில் தவறியதை அப்பாவிடம் மறைத்ததையும் எழுதியிருந்தாள். "இதையுமா?" என்று கேட்டேன். "இருக்கட்டும் மேடம்" என்றாள். இரண்டு இடத்தில் காற்புள்ளி மட்டும் போட்டுக் கொடுத்தேன்.

ஆகஸ்டில் இடம் கிடைத்தது. செப்டம்பரில் போனாள்.

பல்கலைக்கழகத்தின் பதில் அடுத்த பிப்ரவரியில்தான் வந்தது. எச்சரிக்கை, பழைய பட்டியல் ரத்து, புதிய நகல் பட்டியல். மகள் அனுப்பிய அதிகாரக் கடிதத்தோடு கருப்பசாமி அதை வாங்க வந்தார். கடிதத்தை ஜன்னலில் சாய்த்துப் பார்த்தேன். அவர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. நகலைக் கொடுத்தேன். ஐரோப்பிய வரலாறு, 18, எஃப். அச்சு நன்றாகவே இருந்தது.

"பிள்ளை எப்படி இருக்கா?" என்றேன்.

"நேத்து போன் பண்ணுனா மேடம்." அவர் முகம் மலர்ந்தது. "அனாட்டமில பெயிலாம்."

அதற்கு ஏன் இந்தச் சிரிப்பு என்று அவர் முகத்தைப் பார்த்தேன்.

"அவளே சொன்னா மேடம். எடுத்த எடுப்புல, சாப்பிட்டீகளான்னு கூடக் கேக்காம. அப்பா நான் பெயிலுன்னு. மார்க்கையும் சொன்னா. மறுபடி எழுதணுமாம், எழுதிருவா."

பதிவேட்டில் கையெழுத்து வாங்கினேன். படிக்கட்டில் அவர் எதிர்ப்பட்ட ராஜாமணியை நிறுத்தி அதையே திரும்பச் சொல்வது கேட்டது. அவர் சொன்னதைச் சரிபார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.